கம்பியில்லாப் புகை எச்சரிக்கைக் கருவி

கம்பியில்லாப் புகை எச்சரிக்கைக் கருவி என்பது, அறையின் காற்றில் கலக்கும் புகையை உணர்ந்து உரத்த ஒலி எழுப்புவதுடன், அதே வீட்டில் பொருத்தப்பட்டுள்ள பிற கருவிகளுக்கும் வானலை வழியாகக் குறிப்பலை அனுப்பி, அவற்றையும் ஒலிக்கச் செய்யும் தீப்பாதுகாப்புக் கருவி ஆகும். இது பெரும்பாலும் மின்கலத்தால் இயங்குவதால், மின்தடை ஏற்பட்டாலும் பணி செய்யும். சுவரை உடைத்துக் கம்பி இழுக்கத் தேவையில்லை என்பதால், முன்பே கட்டி முடிக்கப்பட்ட வீடுகளுக்கு இது ஏற்றது. இக்கட்டுரை இக்கருவியின் செயற்பாட்டையும், ஈரோடு உள்ளிட்ட கொங்கு நாட்டு வீடுகளின் அமைப்பிற்கு ஏற்ப அதனைப் பொருத்தும் முறையையும் விளக்குகிறது.

தேவை

வீட்டுத் தீ விபத்துகளில் உயிரிழப்போரில் பலர் தீச்சுவாலையால் அன்றிப் புகையாலேயே இறக்கின்றனர். எரியும் மெத்தை, நுரைப்பஞ்சு, செயற்கை இழைத் துணி, நெகிழிப் பொருட்கள் ஆகியவற்றில் இருந்து கார்பன் மோனாக்சைடு, ஐதரசன் சயனைடு போன்ற நச்சு வளிமங்கள் வெளிப்படுகின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. ஆழ்ந்து உறங்குபவரைப் புகையின் வாடை எழுப்பிவிடும் என்று நம்ப இயலாது. ஆகவே, உறக்கத்தைக் கலைக்கும் ஓர் ஒலி தேவைப்படுகிறது.

2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வேலூரில், இரவில் மின்னேற்றம் செய்யப்பட்ட மின்சார இருசக்கர வாகனம் தீப்பற்றியதில், வீட்டில் இருந்த தந்தையும் மகளும் புகையால் மூச்சுத்திணறி உயிரிழந்தனர். வாகனங்களையும் அவற்றின் மின்கலங்களையும் வீட்டு வாயிலிலோ கூடத்திலோ வைத்து இரவு முழுவதும் மின்னேற்றம் செய்யும் வழக்கம் பரவியுள்ள நிலையில், இத்தகைய கருவிகளின் தேவை மேலும் கூடியுள்ளது.

வரலாறு

1890 ஆம் ஆண்டில் தாமசு எடிசனின் உடன்பணியாளரான பிரான்சிசு இராபின்சு அப்டன், பெர்னாண்டோ திப்பிள் என்பவருடன் இணைந்து தானியங்கி மின் தீ எச்சரிக்கைக் கருவிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அது வெப்பத்தை உணரும் கருவி ஆகும். 1930களில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வால்ட்டர் யேகர் நச்சுவளிம உணரி ஒன்றை உருவாக்க முயன்றார். அது நச்சுவளிமத்தை உணரவில்லை. ஆனால் அவர் பற்றவைத்த சிகரெட்டின் புகை பட்டதும் கருவியின் மின்னோட்டம் மாறியது. அயனாக்கப் புகையுணரி இவ்வாறு தோன்றியது. 1965 ஆம் ஆண்டில் அமெரிக்கரான துவேன் பியர்சால் மின்கலத்தில் இயங்கும் வீட்டுக் கருவியை உருவாக்கினார். 1970களில் அது பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டுப் பரவியது.

புகையை உணரும் முறைகள்

ஒளிமின் வகை: கருவியின் உள்ளே ஓர் இருண்ட அறையும், அதில் ஓர் ஒளியுமிழியும், ஒளியை நேராகக் காணாதவாறு கோணத்தில் வைக்கப்பட்ட ஓர் ஒளியுணரியும் இருக்கும். புகை உள்ளே நுழைந்ததும் அதன் துகள்கள் ஒளியைச் சிதறடித்து உணரியின் மீது விழச் செய்யும். மெத்தை, பஞ்சு, மின்கம்பி உறை போன்றவை சுவாலையின்றிக் கனன்று புகையும் தீயை இவ்வகை விரைந்து உணரும்.

அயனாக்க வகை: மிகச் சிறிய அளவு அமெரிசியம்-241 என்னும் கதிரியக்கத் தனிமம் காற்றை அயனாக்கி மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்கும். புகை நுழைந்தால் அம்மின்னோட்டம் குறையும். சுவாலையுடன் வேகமாக எரியும் தீயை இது சற்று முன்னதாக உணரும். ஆனால் சமையல் புகைக்கு அடிக்கடி பொய்யாக ஒலிக்கும். இந்தியாவில் இவ்வகைக் கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவை.

வீடுகளுக்கு ஒளிமின் வகையே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. சமையலறை, தறிக்கூடம் போன்ற இடங்களுக்குப் புகைக்கு மாறாக வெப்பத்தை உணரும் வெப்ப எச்சரிக்கைக் கருவி பொருத்தமானது.

கம்பியில்லா இணைப்பு

கருவிகள் இணைக்கப்படாத வீட்டில், கீழ்த்தளக் கூடத்தில் எழும் ஒலி, மாடியில் கதவை மூடி மின்விசிறியோ குளிர்சாதனமோ ஓட உறங்குபவருக்குக் கேட்காமல் போகலாம். இணைக்கப்பட்ட கருவிகளில் ஒன்று புகையை உணர்ந்தாலும் அனைத்தும் ஒலிக்கும். ஒவ்வொரு கருவியிலும் ஒரு சிறிய அலைபரப்பியும் அலைவாங்கியும் உள்ளன. ஒரு வீட்டின் கருவிகளுக்குப் பொதுவான குறியீடு ஒன்று இருப்பதால், அண்டை வீட்டுக் கருவியின் குறிப்பலைக்கு அவை செவிசாய்ப்பதில்லை.

காங்கிரீட்டுத் தளம், தகரக் கூரை, இரும்புப் பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி ஆகியவை வானலையை வலுவிழக்கச் செய்யும். சில கருவிகள் தாம் பெற்ற குறிப்பலையை மீண்டும் பரப்பும் திறன் கொண்டவை. மாடிப்படியின் மேற்புறம் அத்தகைய கருவி ஒன்றை வைத்தால் தளங்களுக்கு இடையேயான தொடர்பு சீராகும். இணையத் திசைவி வழியாக மட்டுமே ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளும் கருவிகள், மின்தடையின்போது அத்தொடர்பை இழக்கக்கூடும். ஆகவே தமக்குள் நேரடியாகத் தொடர்பு கொள்ளும் கருவிகளே மேலானவை.

இந்தியாவில் குறைந்த திறனுள்ள கருவிகள் 865 முதல் 868 மெகாகெர்ட்சு வரையிலான அலைவரிசையை உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம். அமெரிக்கச் சந்தைக்கான பல கருவிகள் 915 மெகாகெர்ட்சை ஒட்டியும், ஐரோப்பியச் சந்தைக்கான பல கருவிகள் 868 மெகாகெர்ட்சுக்குச் சற்று மேலும் இயங்குகின்றன. எனவே வெளிநாட்டில் இருந்து உறவினர் வாங்கி வரும் கருவியின் அலைவரிசையைச் சரிபார்க்க வேண்டும். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் அமெரிக்கக் கருவிகள் 120 வோல்ட்டிற்கு உரியவை. அவற்றை நமது 230 வோல்ட்டு இணைப்பில் பொருத்தக் கூடாது.

பொருத்தும் இடங்கள்

ஒவ்வொரு படுக்கையறையின் உள்ளேயும், படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள கூடம் அல்லது நடையிலும், ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது ஒரு கருவி வீதம் பொருத்துவது பன்னாட்டு நடைமுறை ஆகும். கீழே கூடம், சமையலறை, இரு படுக்கையறைகளும், மாடியில் ஒரு படுக்கையறையும் உள்ள வீட்டிற்கு, மூன்று படுக்கையறைகளில் மூன்று, கூடத்தில் ஒன்று, மாடிப்படியின் மேற்புறம் ஒன்று என ஐந்து புகைக் கருவிகளும், சமையலறையில் ஒரு வெப்பக் கருவியும் தேவைப்படும். அனைத்தையும் ஒரே நேரத்தில் வாங்க இயலாதோர், படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள நடையில் முதற் கருவியையும், மாடிப்படியின் மேற்புறம் அடுத்ததையும், முதியோரும் குழந்தைகளும் உறங்கும் அறைகளில் அதற்கடுத்தவற்றையும் பொருத்தலாம். பின்னர் சேர்ப்பதற்கு வசதியாக, ஒன்றோடொன்று இணையும் ஒரே வகைக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது நன்று.

இடைவெளிகள் பின்வருமாறு:

* சூடான புகை மேலெழுவதால், மேற்கூரையின் நடுப்பகுதியே சிறந்த இடம்.
* சுவரில் பொருத்துவதாயின், கூரையில் இருந்து 30 சென்டிமீட்டருக்குள் அமைய வேண்டும்.
* சுவரும் கூரையும் சந்திக்கும் மூலையில் காற்று தேங்கி நிற்கும் என்பதால் அவ்விடத்தைத் தவிர்க்க வேண்டும்.
* மின்விசிறியின் இறக்கை நுனியில் இருந்தும், குளிர்சாதனத்தின் காற்றுவாயில் இருந்தும், குளியலறைக் கதவில் இருந்தும் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் தொலைவு தேவை.
* அடுப்பில் இருந்து குறைந்தது 3 மீட்டர் தொலைவு தேவை.

நமது வீடுகளில் அறையின் நடுவில் மின்விசிறி இருப்பதால், கருவியை விசிறிக்கும் கதவுக்கும் இடையே, மேற்கண்ட இடைவெளிகளுக்கு உட்பட்டுப் பொருத்தலாம். பரணின் அடியிலோ, ஆழமான உத்தரங்களுக்கு இடையேயான குறுகிய இடத்திலோ வைத்தால் புகை காலந்தாழ்ந்தே வந்து சேரும்.

கொங்கு நாட்டு வீடுகளில்

ஓட்டு வீடு: சாய்ந்த கூரையில் புகை முகட்டை நோக்கிச் செல்லும். முகட்டில் இருந்து கிடைத்தளத்தில் 90 சென்டிமீட்டருக்குள் கருவி அமைய வேண்டும். ஆனால் முகட்டின் உச்சிக் கோணத்தில் காற்று தேங்குவதால், உச்சியில் இருந்து 10 சென்டிமீட்டராவது கீழே இறக்கிப் பொருத்த வேண்டும். ஓடுகளின் இடைவெளி வழியே புகையின் ஒரு பகுதி வெளியேறிவிடும் என்பதால், இத்தகைய வீட்டில் ஒரே கருவியை நம்பியிருத்தல் கூடாது.

தகர, கல்நார்க் கூரை: ஈரோட்டில் கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. தகரக் கூரையின் அடியில் வெப்பம் இதனினும் கூடும். பல கருவிகளின் இயக்க எல்லை 38 அல்லது 40 பாகை என்றே கையேடுகளில் குறிக்கப்பட்டுள்ளது. மேலும் கூரையை ஒட்டித் தேங்கும் சூடான காற்றடுக்கு, மெதுவாக எழும் புகையை மேலே வரவிடாது தடுக்கும். இவ்வீடுகளில் உட்சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே பொருத்துவதே முறை.

தறி உள்ள வீடு: சென்னிமலை, பவானி, வீரப்பன்சத்திரம் போன்ற இடங்களில் நெசவும் குடியிருப்பும் ஒரே கூரையின் கீழ் அமைவதுண்டு. பறக்கும் பஞ்சுத் தூசு புகையுணரியின் உள்ளே படிந்து பொய் ஒலியை எழுப்பும். நாளடைவில் உணரியைச் செயலிழக்கவும் செய்யும். எனவே தறிக்கூடத்தில் வெப்பக் கருவியையும், அதற்கும் படுக்கையறைக்கும் இடைப்பட்ட கதவின் படுக்கையறைப் பக்கத்தில் புகைக் கருவியையும் வைத்து இரண்டையும் இணைக்க வேண்டும். தறிக்கூடம் தகரக் கூரையுடையதாயின், கோடை வெப்பத்திற்கே ஒலித்துவிடாத உயர்ந்த வெப்பநிலை வரம்புடைய கருவி தேவை.

பூசை அறை: சாம்பிராணியும் ஊதுவத்தியும் புகையே ஆகையால் கருவி ஒலிப்பது இயல்பு. பூசை அறையில் பொருத்தாமல் சற்றுத் தள்ளிப் பொருத்த வேண்டும். மிளகாய் தாளிக்கும் நெடிக்கும் இதுவே பொருந்தும். தற்காலிகமாக ஒலியடக்கும் பொத்தான் உள்ள கருவியை வாங்கினால், தொல்லை தாளாது மின்கலத்தைக் கழற்றி வைக்கும் பழக்கம் நேராது. மின்கலம் கழற்றப்பட்ட கருவி, இல்லாத கருவிக்குச் சமம்.

பொருத்தும் முறை

1. கருவிகள் அனைத்தையும் ஒரு மேசையின் மீது வைத்து, மின்கலத்தை இணைத்து, கையேட்டின்படி ஒன்றோடொன்று அறிமுகப்படுத்த வேண்டும்.
2. ஒவ்வொரு கருவியையும் பொருத்தவுள்ள இடத்தில் பிடித்துச் சோதனைப் பொத்தானை அழுத்தி, மற்றவை ஒலிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒலிக்காவிடில் இடத்தைச் சிறிது மாற்ற வேண்டும். இச்சோதனையைத் துளையிடும் முன்பே செய்தல் வேண்டும்.
3. காங்கிரீட்டுக் கூரையில் மின்விசிறிக்கும் விளக்கிற்கும் செல்லும் குழாய்கள் புதைந்திருக்கும். அவ்வழியைத் தவிர்க்க வேண்டும். மின்கலத் துளைப்பான் இருந்தால் முதன்மை மின்னிணைப்பை நிறுத்திவிட்டுத் துளையிடுவது பாதுகாப்பானது.
4. துளையில் நெகிழி அடைப்பானைச் செலுத்தி, தாங்குதட்டைத் திருகாணியால் இறுக்கி, தூசு அடங்கிய பின்னரே கருவியைப் பொருத்த வேண்டும்.
5. கதவுகளை மூடிவிட்டு, விசிறிகளை ஓடவிட்டு, ஒவ்வொரு கருவியில் இருந்தும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்த வேண்டும். ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்கு ஒருமுறை எழும் சிறு கீச்சொலி, மின்கலம் தீர்ந்து வருவதைக் குறிக்கும். சிலந்தி, எறும்பு, பல்லி முதலியவை உள்ளே புகுவதைத் தடுக்க வெளிப்புறத்தைத் தூசுறிஞ்சியாலோ மென்தூரிகையாலோ துடைக்கலாம். நீரோ மருந்துத் தெளிப்போ கூடாது. பொங்கலுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்து காப்புக் கட்டும் நாளை ஆண்டுச் சோதனை நாளாகக் கொள்வது நினைவில் நிற்க உதவும். வெள்ளையடிக்கும்போது கருவியைக் கழற்றி வைத்து, முடிந்ததும் மீண்டும் பொருத்த வேண்டும். அதன் மீது வண்ணம் பூசக் கூடாது. உணரி காலப்போக்கில் தேய்வதால், உற்பத்தி நாளில் இருந்து 10 ஆண்டுகளில் கருவியையே மாற்ற வேண்டும்.

சட்டநிலை

இந்தியாவில் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, உயரமான கட்டடங்களுக்கும் பொதுப் பயன்பாட்டுக் கட்டடங்களுக்குமான தீப்பாதுகாப்பு ஏற்பாடுகளை வகுக்கிறது. தானியங்கித் தீயுணர் அமைப்புகளைப் பொருத்துவதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2189 ஆகும். தனி வீடுகளில் புகைக் கருவி வைப்பது வீட்டு உரிமையாளரின் விருப்பத்திற்கே விடப்பட்டுள்ளது.

சிங்கப்பூரில் 2018 சூன் 1 முதல் புதிய வீடுகளில் இக்கருவி கட்டாயமாக்கப்பட்டது. இசுக்காட்லாந்தில் 2022 பிப்ரவரி முதல் அனைத்து வீடுகளிலும் இணைக்கப்பட்ட கருவிகள் இருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. ஆத்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலம், 2022 சனவரி 1 முதல் விற்கப்படும் அல்லது வாடகைக்கு விடப்படும் வீடுகளுக்கும், 2027 சனவரி 1 முதல் அனைத்து வீடுகளுக்கும் இணைக்கப்பட்ட ஒளிமின் கருவிகளைக் கட்டாயமாக்கியது.

வரையறைகள்

புகைக் கருவி சமையல் எரிவாயுக் கசிவை உணராது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டிப் பரவும். அதற்கான கசிவு உணரியைத் தரையில் இருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரத்திற்குள் பொருத்த வேண்டும். மணமற்ற கார்பன் மோனாக்சைடுக்கும் தனி உணரி தேவை.

2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பள்ளிக் குழந்தைகள் உயிரிழந்த தீ, ஓலைக் கூரையில் பரவியது. கூரையே எரிபொருளாக உள்ள இடத்தில் தீ மிக விரைந்து பரவுவதால், கருவி தரக்கூடிய கால அவகாசம் மிகக் குறைவு. 2001 ஆகத்து 6 அன்று ஏர்வாடியில் மனநல விடுதி ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 நோயாளிகள் தப்ப இயலாமல் இறந்தனர். எச்சரிக்கை ஒலி, வெளியேற வழி உள்ளவர்க்கே பயன்படும். நமது வீடுகளில் சன்னல்கள் இரும்புக் கம்பிகளால் அடைக்கப்பட்டும், கம்பிக்கதவுகள் இரவில் உட்புறம் பூட்டப்பட்டும் இருப்பதால், சாவி எப்போதும் கதவருகே ஒரே இடத்தில், வீட்டிலுள்ள அனைவரும் அறியுமாறு இருக்க வேண்டும்.

சிறுவர் சிலர் கூரிய ஒலிக்கு விழிப்பதில்லை. செவிப்புலன் குறைந்த முதியோர் பலருக்கு அவ்வொலி கேட்பதில்லை. யார் யாரை எழுப்பி அழைத்து வருவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, ஆண்டுக்கு இருமுறையேனும் ஒத்திகை பார்க்க வேண்டும். கருவி ஒலித்தால், தாழக் குனிந்து வெளியேறி, பொருட்களை எடுக்க உள்ளே திரும்பாமல், வெளியில் இருந்து 101 அல்லது 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.