அறுவைக்குப் பின் உடல்: திருவண்ணாமலையிலிருந்து சில குறிப்புகள்

1950 ஏப்ரல் 14 அன்று இரவு 8 மணி 47 நிமிடத்திற்குத் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் மூச்சு அடங்கியது. அதே நேரத்தில் வானில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து அருணாசல மலைக்குப் பின்னால் மறைந்ததைப் பலர் கண்டனர். அப்போது அங்கே தங்கியிருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனும் அதைக் கண்டவர்களுள் ஒருவர். அந்த ஒளியைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அதற்கு முந்தைய பதினான்கு மாதங்களில் ஏறத்தாழ எழுபது வயதான ஓர் உடல் என்ன பாடு பட்டது என்பதோ பெரும்பாலும் தத்துவத்திற்கு முன்னுரையாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. இக்கட்டுரை அந்த உடலிலிருந்து தொடங்குகிறது.

இடது முழங்கைக்கு அருகே தோன்றிய சிறு கட்டி 1949 பிப்ரவரி 9 அன்று அகற்றப்பட்டது. ஒரு மாதத்திற்குள் அது மீண்டும் வளர்ந்தது. மார்ச் 27 அன்று சென்னையிலிருந்து வந்த மருத்துவர் ராகவாச்சாரி இரண்டாம் முறை அறுவை செய்தார். திசுவைச் சோதித்தபோது அது சார்கோமா எனத் தெரிந்தது. பிறகு ரேடியம் சிகிச்சை அளிக்கப்பட்டது. கையையே துண்டித்துவிடலாம் என்று மருத்துவர்கள் கூறினர். அதற்கு மட்டும் மகரிஷி இசையவில்லை. ஆகஸ்ட் 7 அன்று மூன்றாவது அறுவையும், டிசம்பர் 19 அன்று நான்காவது அறுவையும் நடந்தன. இடையிடையே ஆயுர்வேதமும் ஹோமியோபதியும் பச்சிலையும் முயன்று பார்க்கப்பட்டன.

அவர் ஏற்கெனவே முழங்கால் வாதத்தால் கோலூன்றி நடந்தவர். அந்நிலையிலும் நடையை விடாதவர்; மலையே அவருடைய நடைவெளியாக இருந்தது. அறுவைகளும் இரத்தசோகையும் அந்த நடையைப் படிப்படியாகக் குறைத்தன. 1950-இன் தொடக்கத்தில் அவர் ஒரு சிற்றறைக்குள் ஒடுங்க நேர்ந்தது. கார்த்தியே-பிரெஸ்ஸோன் அவ்வேப்ரலில் எடுத்த படங்களில் கட்டுப்போட்ட கையைவிட நம் கண்ணை நிறுத்துவது, சதை வற்றிய அந்த உடல்தான்.

சார்கோமா என்னும் பெயர் ஊன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ஊனில் எழும் கட்டி என்பது அதன் பொருள். அதே வேரிலிருந்து, பல ஆண்டுகள் கழித்து, மற்றொரு சொல் உருவாக்கப்பட்டது. முதுமையில் தசை குறைந்துபோவதற்கு 'சார்கோபீனியா', அதாவது 'ஊன் வறுமை' என்று 1989-இல் பெயரிட்டவர் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க். பெயர் பிறக்கும்வரை அதற்குப் போதிய கவனம் கிடைக்கவில்லை. வயதின் இயல்பு என்று கடந்து சென்றார்கள். நாமும் காசநோய்க்கு எலும்புருக்கி என்று பெயர் வைத்தோம். உண்மையில் அங்கே உருகுவது தசை; தசை போனபின் எலும்பு தெரிகிறது. கண்ணுக்குத் தெரிந்த எலும்புக்குப் பெயர் கிடைத்தது. காணாமற்போன தசைக்குக் கிடைக்கவில்லை.

மகரிஷிக்கு அறுவை நடந்த காலத்தில் இவற்றைப் பற்றிய அறிவு உலகில் இல்லாமல் இல்லை. ஆனால் அது சிதறிக் கிடந்தது. லண்டன் மருத்துவர் வில்லியம் பாஸ்டர், வயிற்று அறுவைக்குப் பின் நுரையீரலின் ஒரு பகுதி காற்றிழந்து சுருங்கிவிடுவதை 1908-க்கும் 1910-க்கும் இடையில் விளக்கியிருந்தார். கிளாஸ்கோவில் டேவிட் கத்பெர்ட்சன், எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரை 1930-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து, காயம்பட்ட உடல் தன் தசைப் புரதத்தையே கரைத்துச் செலவழிக்கிறது என்று காட்டியிருந்தார். லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் வினிஃப்ரெட் லிண்டன், மார்பு அறுவைக்கு உள்ளானவர்களுக்கு 1934 முதல் மூச்சுப் பயிற்சி கற்பித்து வந்தார். அறுவை முடிந்தவர்களை விரைவில் எழுப்பி நடக்கவைக்க வேண்டும் என்று அமெரிக்கரான டேனியல் லைட்ஹவுசர் 1946-இல் ஒரு நூலே எழுதினார். மறு ஆண்டு ரிச்சர்ட் ஆஷர், படுக்கையில் கிடப்பதன் அபாயங்களைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. சிறுநீரை ஆராய்ந்தவர், நுரையீரலைக் கண்டவர், படுக்கையைக் குறைகூறியவர் ஆகிய அனைவரும் ஒரே விஷயத்தின் வெவ்வேறு பக்கங்களைப் பார்த்தார்கள் என்பது பின்னரே தெளிவாயிற்று.

அந்த ஒரே விஷயம் இதுதான். மயக்க மருந்தின்போது உதரவிதானம் தளர்கிறது; நுரையீரலின் அடிப்பகுதியிலுள்ள காற்றுச் சிற்றறைகள் மூடிக்கொள்கின்றன. விழித்தபின் வலிக்கு அஞ்சி நோயாளி மேலோட்டமாகவே மூச்சு விடுகிறார். மூடிய அறைகள் திறப்பதில்லை, சளி தேங்குகிறது. அதை வெளியே தள்ளும் இருமல் தொண்டையின் வேலை மட்டுமன்று. வயிறும் விலாவும் சேர்ந்து செய்யும் தசைவேலை. புற்றுநோயும் அறுவையும் அத்தசைகளை ஏற்கெனவே கரைத்திருந்தால் இருமல் வலுவிழக்கிறது, தேங்கிய சளியில் கிருமி குடியேறுகிறது, நிமோனியா வருகிறது. நிமோனியா மேலும் சில நாள் படுக்கையைக் கொண்டுவருகிறது. படுக்கை மேலும் தசையைத் தின்கிறது. உணவுக்குழாய், இரைப்பை, நுரையீரல் ஆகியவற்றில் செய்யப்படும் புற்றுநோய் அறுவைகளில் இச்சுழல் மிகக் கொடியது. வெட்டு மூச்சுத் தசைகளுக்கு அருகிலேயே விழுகிறது.

படுக்கை எவ்வளவு தின்னும் என்பதற்கு 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்குக் காட்டியது. நோயற்ற முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் இருத்தினார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்தது. 2008-க்குப் பின், புற்றுநோயாளிக்கு எப்படியும் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேனிலேயே இடுப்புப் பகுதியின் மூன்றாம் முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளக்கும் வழக்கம் ஆய்வாளர்களிடையே பரவியது. பருத்த உடலுக்குள்ளும் தசை வறுமை ஒளிந்திருக்கலாம் என்பதை அது காட்டியது. 2011-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, புற்றுநோயால் வரும் உடல் நலிவை ஊட்டம் மட்டும் கொடுத்து முழுவதும் மீட்க முடியாது என்று வரையறுத்தது. நோயாளி இளைத்தால், சரியாகச் சமைத்துப் போடவில்லை என்று வீட்டுப் பெண்களைக் குறைசொல்லும் நம் உறவினர்கள் இந்த ஒரு வரியையாவது அறிய வேண்டும்.

1949-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்கக் கழகம் இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி கனவு கண்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல்தான் திறக்கப்பட்டது. திருவண்ணாமலைக்கு அன்று கிடைத்தது நல்ல கத்தியும் ரேடியமும் அன்பான கைகளும். மகரிஷியின் முடிவை அறுவையின் பின்விளைவு என்று சொல்வது தவறு; சார்கோமா திரும்பத் திரும்ப வளர்ந்தது என்பதே காரணம். ஆனால் அறுவைக்குப் பிந்தைய உடலைப் பேணுதல் ஒரு தனிக் கலை என்ற எண்ணம் அக்காலத்தில் எங்குமே முழு உருப்பெற்றிருக்கவில்லை.

இன்று அது உருப்பெற்றிருக்கிறது. அறுவைக்கு முன்பே புகையை நிறுத்துதல், நடைப்பயிற்சி, புரதம் மிக்க உணவு, மூச்சுப் பயிற்சி. அறுவைக்குப் பின் வலியை அடக்கி, இயன்றால் மறுநாளே எழுப்பி உட்கார வைத்தல், நடத்தல், காயத்தின் மேல் தலையணையை அணைத்துக்கொண்டு இருமுதல் ஆகியன எளியவை. இருந்தும் நம் வீடுகளில் அன்பின் முதல் சொல் "அசையாமல் படுத்திரு" என்பதாகவே இருக்கிறது. நோயாளி எழுந்தால் பதறுகிறோம்; கஞ்சியைத் தவிர வேறொன்றும் கொடுக்க அஞ்சுகிறோம். மருத்துவர் ஒப்புதல் தந்தபின்னும் இந்தக் காவல் தொடர்கிறது.

இவ்வூரில் இது நடப்பதுதான் வியப்பு. பௌர்ணமி தோறும் இலட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் நடந்து வழிபடும் ஊர் இது. யோகத்தையும் மூச்சை ஆள்வதையும் விரிவாகப் பேசும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை நாங்கள் வகுப்பில் பாடமாக நடத்துகிறோம். நடையும் மூச்சும் இங்கே பக்தியாக இருக்கின்றன. நோயாளியின் கட்டிலருகே வந்தவுடன் மறந்துபோகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகரிஷியின் கதையை மேற்கோள் காட்டி, உடலைக் கவனிப்பதே அறியாமை என்று நோயாளிகளிடம் பேசுவோர் இங்கே உண்டு. பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. நான்கு முறையும் அவர் கத்திக்கு உடலைக் கொடுத்தார். வைத்தியர் மாறியபோதெல்லாம் ஒத்துழைத்தார். வரிசையில் வந்தோருக்குத் தரிசனம் தருவதை இறுதிவரை நிறுத்தவில்லை. கடைசி மாலையில் தம்மை எழுப்பி உட்கார வைக்கச் சொன்னார். அதன் பின்னரே, மருத்துவர் கொடுக்க முயன்ற பிராணவாயுவை வலக்கையசைத்து வேண்டாமென்றார். அந்தக் கையசைப்பு இறுதி மணிகளுக்கு உரியது. அதை முதல் வாரத்துக்கே கொண்டுவந்து, எழுந்து நடக்கக்கூடிய ஒருவரைப் படுக்கவைத்துவிட்டு விதி என்று சொல்வதற்கு அவர் பெயரைப் பயன்படுத்துவது நியாயமாகாது.