புரொஃபைல்

ஊரப்பாக்கத்தில் குடியிருந்து மகேந்திரா சிட்டிக்கும் சிறுசேரிக்கும் மென்பொருள் வேலைக்குப் போகிறவர்களிடம் அன்றாடம் புழங்கும் சொல் இது. மூலம் இத்தாலிய 'புரொஃபிலோ'. அதன் வேர், நூலைக் குறிக்கும் லத்தீன் 'ஃபிலும்'. நூல்போல் மெல்லிய கோட்டால் வரைந்த புறவடிவமே முதற்பொருள். அதிலிருந்து முகத்தின் பக்கத்தோற்றம், ஒருவரைப் பற்றிய குறிப்பு என்று பொருள் விரிந்தது.

கணினியில், ஒரு நிரல் தன் நேரத்தை எந்தச் செயற்கூறில் எவ்வளவு செலவிட்டது என்ற கணக்கே புரொஃபைல். 1982இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 'ஜிபுரொஃப்' கருவியை விளக்கி ஆய்வுரை வெளியிட்டனர். 2009இல் லினக்ஸ் கருநிரலோடு 'பெர்ஃப்' வந்தது. அதன் 'பெர்ஃப் டிஃப்' கட்டளை, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரு புரொஃபைல்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு செயற்கூறின் விழுக்காடும் எவ்வளவு மாறியது என்று காட்டும்.

அந்த விழுக்காடு பங்கைச் சொல்வது, நேரத்தை அல்ல. 100 நொடி ஓடிய நிரலில் ஒரு செயற்கூறு 40 நொடியிலிருந்து 20 ஆகக் குறைந்தால் மொத்தம் 80 நொடி. தொடாமல் விட்ட 30 நொடிச் செயற்கூறின் பங்கோ 30இலிருந்து 37.5 விழுக்காடாக ஏறும். அது மெதுவாகிவிட்டதென்று முடிவுகட்டக் கூடாது. மொத்த நேரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய மறைமலைநகர் ஊரப்பாக்கத்துக்கு அருகில்தான். அவர் வழியில், கணினியில் வழங்கும் இப்பொருளுக்கு 'நேரப்பகுப்பு' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம்.