கரையிலேயே இருந்து கரைக்குப் போனவர்கள்

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் ஸ்டூர், ஆர்வெல் என்ற இரண்டு ஆறுகள் கூடும் முனையில் ஷாட்லி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1905-லிருந்து 1976 வரை ஒரு விசித்திரக் 'கப்பல்' நின்றது. செங்கல் கட்டடங்கள், அணிவகுப்பு மைதானம், இரும்புக் கேட். மிதப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே இருந்த பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். காலுக்குக் கீழே இருக்கும் சிமென்ட் தரை 'டெக்'. சமையற்கட்டு 'கேலி'. கேட்டைத் தாண்டி ஊருக்குள் போவது 'கரைக்குப் போவது'. அப்படிப் போகிறவர்களின் கூட்டத்துக்கு 'லிபர்ட்டி போட்' என்று பெயர். படகும் கிடையாது, துடுப்பும் கிடையாது. ஆனாலும் நேரத்துக்கு வராதவன் படகைத் தவறவிட்டவன்தான்.

கழிப்பறை 'ஹெட்ஸ்'. பாய்மரக் கப்பல்களில் மாலுமிகள் அந்த வேலைக்குக் கப்பலின் தலைப்பகுதிக்குத்தான் போக வேண்டும். பாய்மரம் போய் நீராவி வந்தது, குழாயும் பீங்கானும் வந்தன. பெயர் மட்டும் தலையிலேயே தங்கிவிட்டது.

இது வெறும் வேடிக்கைப் பேச்சல்ல. பின்னால் சட்டம் இருந்தது. கடற்படையின் ஒழுங்குச் சட்டம் ஒரு கப்பலின் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களைத்தான் கட்டுப்படுத்தும். ஆகவே கரையில் பள்ளிக்கூடம் வைத்தாலும் அதைக் காகிதத்தில் கப்பலாக்க வேண்டியிருந்தது. இந்த வகைக் கப்பலைக் 'கல் ஃபிரிகேட்' என்பார்கள். 1804-ல் மார்ட்டினிக் தீவுக்கு அருகே கடலில் செங்குத்தாக நின்ற ஒரு பாறையைப் பிரிட்டிஷார் பிடித்து, பீரங்கிகளைக் கயிறு கட்டி மேலே இழுத்து வைத்து, அந்தப் பாறையையே போர்க்கப்பலாகப் பதிவு செய்தார்கள். வழக்கத்தின் வேரை அங்கே கொண்டுபோய் முடிச்சிடுவதுண்டு. வேர் எங்கிருந்தாலும் கிளை நம் ஊர்வரை வந்துவிட்டது. கடலே இல்லாத கோயம்புத்தூரில் இந்தியக் கடற்படையின் 'ஐ.என்.எஸ். அக்ரணி' இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் 'ஐ.என்.எஸ். கட்டபொம்மன்'.

ஷாட்லிக் கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். கேஞ்சஸ். நம் கங்கைதான். பெயரை இரவல் கொடுத்த பழைய கேஞ்சஸ் நிஜமான கப்பல். 84 பீரங்கிகள் கொண்டது. பம்பாய்த் துறையில், வாடியா என்ற பார்சிக் குடும்பத்தின் கைவண்ணத்தில், தேக்கு மரத்தால் கட்டி 1821-ல் கடலில் இறக்கப்பட்டது. 1866-ல் ஃபால்மவுத்தில் பையன்களின் பயிற்சிக் கப்பலாயிற்று, 1899-ல் ஹார்விச்சுக்கு வந்தது. பிறகு பையன்கள் எதிர்க்கரை ஷாட்லியில் குடியேற, பெயரும் பின்னாலேயே கரையேறியது.

மரமும் பெயரும் மட்டுமா போயின? சொற்களும் போயின. 'டீக்' என்று ஆங்கில மாலுமி சொன்னது மலையாளமும் தமிழும் தந்த தேக்கு, போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போனது. அவன் இழுத்த 'காயர்' வடத்தின் பெயர் நம் கயிற்றுக்கு உடன்பிறப்பு. கப்பலுக்கும் துறைச்சுவருக்கும் நடுவே இடிபடாமல் மிதக்கவிடும் தெப்பம் 'கேட்டமரான்': கட்டுமரமேதான். ஹிந்தியின் பங்கும் பெரிது. துணி துவைப்பது 'தோபி', சலவைத் தூள் 'தோபி டஸ்ட்', எதற்கும் கேட்கும் துண்டுச்சீட்டு 'சிட்'. கங்கையைக் கண்ணால் காணாத ஓர் ஆங்கிலப் பையன், கங்கை என்ற கப்பலில், தோபி செய்துகொண்டிருந்தான்.

புதிதாக வந்தவன் 'நாஸர்'. எதைக் கேட்டாலும் 'நோ, சார்' என்று விழிப்பவன் என்பதிலிருந்து வந்த பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. நாஸர்களுக்கு முதல் சில வாரம் 'அனெக்ஸ்' என்ற தனிக் குடியிருப்பில் வாசம். அங்கே அவர்கள் கற்ற முதல் கலை பீரங்கியல்ல, தையல். தனக்குத் தந்த ஒவ்வொரு துணியிலும் பெயரை அச்சுக்கட்டையால் பதித்து, அந்த எழுத்துகளின் மேலேயே சிவப்பு நூலால் சங்கிலித் தையல் போட வேண்டும். சட்டை, கால்சட்டை என்று மூட்டை முழுவதும். மூன்றெழுத்துப் பெயர்க்காரன் சீக்கிரம் தூங்கப் போவான். தாத்தா பேரில் இரட்டைக் குடும்பப் பெயர் வாங்கியவன் பாடு திண்டாட்டம். ஊசியும் நூலும் வைக்கும் பைக்கு 'ஹஸிஃப்' என்று பெயர். 'ஹவுஸ்வைஃப்' நாவில் தேய்ந்து அப்படியாயிற்று. அரைநாள் விடுமுறைக்கு 'மேக் அண்ட் மெண்ட்' என்ற பெயர் நின்றதும் தையலால்தான்; ஒரு காலத்தில் மாலுமிகள் துணி தைக்கவும் கிழிசலுக்கு ஒட்டுப்போடவும் விட்ட பிற்பகல் அது.

சர்க்கார் சாமான் எதுவும் 'பஸ்ஸர்'. கப்பலில் சாமான் அளந்து கொடுக்கும் கணக்கர் 'பர்ஸர்', கஞ்சத்தனத்துக்குப் பேர்போனவர். அவர் பெயரின் திரிபு இது. கரடுமுரடான சலவைக்கட்டி 'பஸ்ஸர்ஸ் ஹார்ட்'. துணியைக் கண்ட இடத்தில் போட்டுவைத்தால் அது 'ஸ்க்ரான் பேக்'குக்குப் போகும். மீட்க அபராதம் காசல்ல, ஒரு துண்டு சோப்பு. இரவுக் காவலில் ஆறுதல் 'கை': பாறைபோன்ற சாக்லேட் கட்டியைச் சுரண்டி, வெந்நீரில் கலக்கிய கெட்டிக் கோக்கோ.

எல்லாவற்றுக்கும் மேலே, சொல்லிலும் உயரத்திலும், ஷாட்லியின் பாய்மரக் கம்பம். 1907-ல் நட்டது, 143 அடி. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் ராஜகோபுரத்தைவிட உயரம். பாதி வழியில் மேடை ஒன்று வெளியே துருத்தி நிற்கும். கயிற்றேணி அங்கே முதுகுப்பக்கம் சாய்ந்துவிடும்; ஏறுகிறவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு தொங்க வேண்டும். அந்த வளைவு 'பிசாசின் முழங்கை'. மேடையின் நடுவே ஒரு பொந்து உண்டு. அதன் வழியே நுழைந்தால் தொங்காமல் தப்பலாம். அதற்குத் 'தத்தாரியின் பொந்து' என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்துக் கடற்படை வழியடைத்திருந்தது. பெயருக்குப் பயந்தே பையன்கள் முழங்கையில் தொங்கினார்கள்.

விழா நாளில் கம்பம் முழுவதும் பையன்கள் வரிசை வரிசையாக நிற்பார்கள். உச்சியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு மரவட்டு: 'பட்டன்'. அதன்மேல் 'பட்டன் பாய்', இடிதாங்கிக் கம்பியை முழங்காலால் கவ்வியபடி நிமிர்ந்து சல்யூட் அடிப்பான். கீழே வலை விரித்திருக்கும்.

வேறு சில சொற்கள் இவ்வளவு கலகலப்பானவை அல்ல. பிரம்படிக்குப் பெயர் 'கட்ஸ்'. 'லாண்டரி ஹில்' என்றால் சலவைக்கூடம் நினைவுக்கு வரும். பையன்களுக்கு அது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தண்டனையாக ஏறி இறங்கி ஓடிய மேடு. குறும்பான செல்லப்பெயர் வைத்துவிட்டால் வலி பாதி குறைந்ததாகக் காட்டிக்கொள்ளலாம். அடித்தவர்களுக்கு அது இன்னும் வசதி. பிரம்படி 1967-ல்தான் ஒழிந்தது. அதற்கு முன் 1956-ல் 'பாய்' என்ற தரப்பெயரை 'ஜூனியர்' என்று மாற்றினார்கள். பெயர் மாறியும் பதினோரு வருஷம் பிரம்பு மாறவில்லை.

பள்ளியை விட்டு நிற்கும் வயது 1972-ல் பதினாறாக உயர்ந்தது. பதினைந்து வயதுப் பையன்களின் வரத்து நின்றது. 1976-ல் கேஞ்சஸ் மூடப்பட்டது. அதுவரை அங்கே பயின்றவர்கள் சுமார் 1,50,000 பேர். தேக்குக் கப்பலோ அதற்கு வெகுமுன்பே உடைபட்டுவிட்டது. அதன் கேப்டன் அறை மட்டும் டெவன் கடற்கரையில், பர்க் தீவு ஹோட்டலுக்குள் பொருத்தப்பட்டிருக்கிறது. பம்பாய்த் தச்சர்கள் இழைத்த அந்த மரத்துக்குள் உட்கார, விருந்தாளிகள் இப்போது ஹோட்டலுக்குக் காசு கொடுக்கிறார்கள்.