அரக்குத் தட்டில் ஏறிய குரல்

திருப்பூர்ப் பனியன் கடல் கடந்து செல்கிறது. அதைச் சொல்லிப் பூரிப்போர் பலர். பூரிக்க வேண்டியதுதான். ஆனால் பனியன் கப்பலேறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, பழைய கோவை மாவட்டம் என்ற இந்த மண்ணின் குரலொன்று கப்பலேறிச் சென்று, பாரிசு நகரத்துப் பியானோவை மிருதங்கமாக மாற்றி வைத்தது என்ற செய்தியை எடுத்துரைப்போர் எத்தனை பேர்? பஞ்சின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. பாட்டின் வரலாறு, பாடியவர்கள் பெண்கள் என்பதாலோ என்னவோ, பாதியில் நிற்கிறது.

நமது இளைஞர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. பக்திப் பாட்டுப் பாடிப் புகழ் பெற்ற ஒருவரைப் பகுத்தறிவாளர் ஏன் போற்ற வேண்டும் என்று கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி. அதை மழுப்பிவிட்டுப் போவது முறையன்று. கொடுமுடி சுந்தராம்பாளின் வரலாற்றைப் புரட்டினால், அந்தக் கேள்வியை அவரே ஒருநாள் நம் பக்கம் திருப்பிக் கேட்டது தெரியவரும். அதற்கு முன்னர், அவருக்கு வழி திறந்தவரைப் பார்த்துவிடுவோம்.

பழனிக்குஞ்சரம் என்பது இயற்பெயர். உலகம் அறிந்த பெயர் கோயம்புத்தூர் தாயி. 1872இல் பிறந்து 1917இல் மறைந்தார். தேவதாசி மரபு என்று பெயர் சூட்டப்பட்ட குலத்தில் தோன்றியவர். அவர் காலத்தில்தான் இந்த நாட்டுக்குப் பாட்டுப்பெட்டி வந்தது. 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியார் முதன்முதலாகக் குரல் பதியத் தொடங்கியபோது, சனாதனச் சிகரங்களில் வீற்றிருந்த வித்துவான்கள் பலர் அந்தக் கூம்புக் குழாயின் முன் வாய்திறக்க அஞ்சினர். எந்திரம் குரலை உறிஞ்சிவிடும் என்றனர். தங்கள் இசை தெருவுக்கு வந்துவிடும் என்றும் அஞ்சினர். இந்த இரண்டாவது அச்சம் மெய்யாயிற்று! அஞ்சாமல் முன்வந்தவர்கள் பெண்கள். வடக்கே கவுஹர் ஜான், இங்கே சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி. சபையில் ஏற்றத் தயங்கியவர்களை எந்திரம் ஏற்றுக்கொண்டது. எந்திரத்துக்குக் குலம் தெரியாது. கோத்திரம் கேட்கத் தெரியாது.

அந்தப் பதிவு எப்படி நடந்தது என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஒலிவாங்கி கிடையாது. பெரியதொரு கூம்பின் வாயருகே தலையை நீட்டி, முழுக்குரலில் பாட வேண்டும். கூம்பின் மறுமுனையில் ஊசி அதிர்ந்து மெழுகுப் பாளத்தில் கோடு கீறும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். இரவெல்லாம் ஆலாபனை செய்து பழகியவர்கள் மூன்று நிமிடத்துக்குள் இராகத்தின் சாற்றைப் பிழிந்து கொடுத்தாக வேண்டும். முடிந்ததும் பாடியவர் தம் பெயரை உரக்கச் சொல்வார். கவுஹர் ஜான் அதை ஆங்கிலத்திலேயே சொன்னார். ஏன் தெரியுமா? தட்டு அச்சாவது செருமனியின் ஹனோவர் நகரில். எந்தப் பாட்டு யாருடையது என்று அங்கிருந்த தொழிலாளிக்குத் தெரிய வேண்டுமே!

தட்டுச் செய்ய வேண்டிய முக்கியப் பொருள் அரக்கு. அந்த அரக்கு கிடைப்பது இந்தியக் காடுகளில். திரட்டுவோர் காட்டுக்குடி மக்கள். இங்கிருந்து அரக்கு போகும், இங்கிருந்தே குரலும் போகும். இரண்டும் ஒன்றாகித் திரும்பி வந்து நம்மிடமே விலைக்கு விற்கப்படும். கொங்கு மண்ணின் மைந்தருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. பருத்தி லங்காசயருக்குப் போய்த் துணியாக வந்த கதையும் இதுவேயன்றோ! 1908இல் கல்கத்தாவில் தட்டுத் தொழிற்சாலை எழுந்த பிறகுதான் அந்தக் கப்பல் பயணம் நின்றது.

தாயி பாடிய தட்டுகளுள் ஒன்று இராகமாலிகை. பாடல் வள்ளலாரின் அருட்பா. சாதியும் மதமும் சமயமும் பொய்யென்று சாற்றிய இராமலிங்கரின் தமிழை, சாதியால் ஒதுக்கப்பட்ட ஒரு பெண் பாட, அதைக் கேட்டு மயங்கினார் மாரீசு டெலாஜ் என்ற பிரஞ்சு இசையாசிரியர். ராவெல் என்னும் புகழ்மிக்க இசைப்புலவரின் மாணவர். 1912ஆம் ஆண்டளவில் இந்தியாவுக்கு வந்து சென்றவர். அந்தத் தட்டைச் சுழலவிட்டு, கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுத்து, ‘ராகமாலிகா’ என்ற பெயரிலேயே குரலுக்கும் பியானோவுக்குமாக ஓர் இசையாக்கம் செய்தார். மிருதங்கத்தின் நாதம் பியானோவில் வரவில்லை, என்செய்வது? பியானோவின் கம்பியடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகச் சொன்னார். கம்பி ‘தொம்’ என்றது. பியானோவின் வயிற்றுக்குள் கைவைத்து ஒலியை மாற்றும் புதுமைக்கு உலகில் மிக முற்பட்ட சான்றுகளுள் ஒன்றாக இன்றைய இசை வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிக்கின்றனர். சென்னையிலோ, தமிழில் பாடினால் தரம் தாழும் என்று வித்துவ உலகம் இயம்பிக்கொண்டிருந்தது! அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழிசைத் தீர்மானம் எழ 1941 வரையிலும், தமிழிசைச் சங்கம் தோன்ற 1943 வரையிலும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனிக் கொடுமுடிக்கு வருவோம்.

காவிரிக்கரை ஊர், ஈரோட்டிலிருந்து கரூர் செல்லும் இரயில் பாதையில் ஒரு நிலையம். 1908இல் அங்கே பிறந்த சுந்தராம்பாள் வறுமையில் வளர்ந்தார். இரயில் வண்டியில் பாடிக் காசு பெற்ற சிறுமி அவர் என்பார்கள். கே. பி. என்ற முன்னெழுத்துகளில் ‘கே’ கொடுமுடியைக் குறிக்கும். ‘பி’ பாலாம்பாளைக் குறிக்கும். பாலாம்பாள் அவருடைய தாயார். தந்தையின் பெயரை முன்னே நிறுத்தாமல் தாயின் பெயரைத் தாங்கி, தமிழ்நாடு முழுதும் எழுபதாண்டு உலவிய பெயர் அது. பெண்ணுரிமை பேசும் நாம் இதைக் கவனித்தோமா?

நாடகக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசையில் மண்தரையில் குந்தியிருப்பவன் காதுக்கும் பாட்டு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அவன் கூச்சல் மேடைக்கு எட்டிவிடும். அந்தத் தேவையே சுந்தராம்பாளின் உச்சக் குரலை உருவாக்கிற்று. தெய்வம் தந்த குரல் என்பர் பக்தர். கொட்டகையின் நீளம் தந்த குரல் என்பேன் நான். இசைத்தட்டுக் கம்பெனியார் தேடியதும் அத்தகைய குரலைத்தான். தட்டில் ஏறியதும் அது தேநீர்க் கடைகளிலும் திருமண வீடுகளிலும் ஒலிக்கலாயிற்று.

இலங்கையில் நாடகம் நடந்தபோது செங்கோட்டை கிட்டப்பாவுடன் சேர்ந்து மேடையேறினார். கிட்டப்பா பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர், ஈடிணையற்ற பாடகர், முன்னரே மணமானவர். 1927இல் இருவரும் இணைந்தனர். வள்ளி திருமணம் மேடையில் நாள்தோறும் நடந்தது. வீட்டிலோ, மணமான பெண்ணுக்குரிய நிம்மதி அவருக்குக் கிட்டவில்லை. பிரிவும் கடிதங்களும் கண்ணீருமாகக் கழிந்தன ஆண்டுகள். 1933 டிசம்பரில், 27ஆம் வயதில், கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார், எந்த ஆடவரோடும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார், இறுதிவரை காத்தார்.

இங்கே நாம் தயங்கி நிற்கிறோம். விதவைக்கோலத்தை ஒழிக்கப் போராடிய இயக்கத்தார் நாம். 1930இல் ஈரோட்டில், அவர் ஊருக்கு அருகிலேயே, சுயமரியாதை மாநாடு கூடிற்று. அந்தக் குரல் அவர் செவிக்கு எட்டவில்லையா? எட்டியும் ஏற்கவில்லையா? எனினும், பிறர் சுமத்திய வெள்ளைச் சேலை ஒன்று. தானே எடுத்துக்கொண்டு, அதே சேலையோடு தானே பணம் ஈட்டி, தானே ஒப்பந்தம் பேசி, எவருக்கும் அடங்காமல் வாழ்ந்த வாழ்க்கை மற்றொன்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த என் மனம் ஒப்பவில்லை. தோழர்கள் மாறுபடலாம்.

1935இல் ‘நந்தனார்’ படத்தில் நடிக்க அழைத்தார்கள். ஓர் இலட்சம் ரூபாய் வேண்டும் என்றார் அம்மையார். மறுப்பார்கள் என்று எண்ணிக் கேட்ட தொகை அது என்பர். படமுதலாளி அசன்தாஸ் கொடுத்துவிட்டார்! பெண்ணொருத்தி நந்தன் வேடம் புனைந்தார்; மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக வந்தார். நந்தனைத் தீயில் இறக்கித் தூய்மைப்படுத்தும் கதையை நாம் ஏற்றதில்லை, ஏற்கப்போவதும் இல்லை. ஆனால் கறுப்பின மக்களின் துயரத்தைப் பாடி அமெரிக்காவையே உருக்கிய பெஸ்ஸி ஸ்மித், 1923 முதல் தட்டுகளுக்குப் பாடியபோது, தட்டுக்கு இவ்வளவு என்ற கூலியே பெற்றார். விற்பனையில் பங்கு அவருக்கு இல்லை. அதே உலகில், இரயிலில் பாடிய கொடுமுடிச் சிறுமி தன் குரலின் விலையைத் தானே நிர்ணயித்தார் என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய அரசியல் நம்முடைய அரசியல் அன்று. சத்தியமூர்த்தி அவரைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்து வந்தார். திருப்பூர் கதர் நெய்தது. கொடுமுடி கதருக்குப் பாடியது. 1937 தேர்தலில் நீதிக்கட்சியை எதிர்த்து ஊர் ஊராக ஒலித்த குரல்களுள் அவருடையது ஒன்று. நம் முன்னோடிகளின் தோல்வியில் அந்தக் குரலுக்கும் பங்குண்டு! ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்தில் போராடியபோது எதிர்த்து வாதாடியவரும் இதே சத்தியமூர்த்திதான். பெண்ணின் குரல் கட்சிக்கு வேண்டும், பெண்ணின் விடுதலை மட்டும் சாத்திரத்துக்குக் கட்டுப்பட வேண்டுமோ? 1951இல் சுந்தராம்பாள் சென்னை மேலவை உறுப்பினரானார். திரையுலகிலிருந்து சட்டமன்றம் புகுந்தோரில் அவர் முதல்வர்.

1952இல் ‘பராசக்தி’, 1953இல் ‘ஔவையார்’. ஒன்றில் கோயிலுக்குள்ளேயே கேள்வி எழுந்தது; மற்றொன்றில் கோயில் வாழ்த்தப்பட்டது. ஒரே தமிழ்நாடு இரண்டுக்கும் வரிசையில் நின்று சீட்டு வாங்கிற்று.

பதினோராண்டுகள் சென்றன. கலைஞர் மு. கருணாநிதி சிலப்பதிகாரத்தை ‘பூம்புகார்’ ஆக்கினார். 1964இல் வெளிவந்த படம், பி. நீலகண்டன் இயக்கினார், இசை ஆர். சுதர்சனம். கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் சமணத் துறவி கவுந்தியடிகளாக நடிக்கச் சுந்தராம்பாளையே அழைத்தார். நாத்திகர் எழுதும் படம். முருக பக்தைக்குத் தயக்கம். பேசி இசைய வைத்தார்கள்.

பாட்டுப் பதியும் வேளை வந்தது. குற்றமற்ற கோவலன் கொலையுண்டான். அரசின் ஆணை வென்றுவிட்டது. நின்று கொல்லும் என்பார்களே, அந்தத் தெய்வம் எங்கே போய்விட்டது என்று வினவுவதாக ஒரு வரி. அம்மையார் பாட மறுத்தார். தெய்வம் எங்கே போயிற்று என்று என் வாயால் பாடமாட்டேன் என்றார்.

எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் திராவிட இயக்கத்தின் ஆற்றல்மிக்க எழுத்தாளர், படத்தின் உயிர்நாடியானவர். மறுபுறம் ஐம்பத்தைந்தைக் கடந்த பாடகி. காசுக்குப் பாடுகிறவர் எழுதிக் கொடுத்ததைப் பாட வேண்டியதுதானே என்று எவரும் சொல்லியிருக்கலாம். கலைஞர் சொல்லவில்லை. வரியை மாற்றினார். எங்கே போய்விட்டது என்ற வினா, இங்கே வந்துவிட்டது என்ற விடையாயிற்று. ஓரிரு சொற்கள்தாம். அம்மையார் பாடினார், கொட்டகைகள் அதிர்ந்தன.

இதைக் கொள்கைத் தோல்வி என்று குறை கூறுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பில்லி ஹாலிடே என்ற ஜாஸ் பாடகி, கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்ற கொடுமையைப் பாடிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ என்ற பாட்டை 1939இல் பதிய முனைந்தபோது, அவருடைய தட்டுக் கம்பெனியான கொலம்பியா மறுத்தது. காமடோர் என்ற சிறு கம்பெனியில்தான் பதிய முடிந்தது. அங்கே பாடகியின் மனச்சான்றுக்கு முதலாளி இடம் தரவில்லை. இங்கே பாடகியின் மனச்சான்றுக்கு, அதற்கு நேர்மாறான கருத்துடைய எழுத்தாளர் இடம் தந்தார். பகுத்தறிவு என்பது பிறர் வாயில் நம் சொல்லைத் திணிப்பதா என்ற கேள்வியைத்தான் அம்மையார் அன்று நம் பக்கம் திருப்பினார். கலைஞர் விடையளித்த விதம் எனக்கு உவப்பாக இருக்கிறது.

மறுஆண்டு ‘திருவிளையாடல்’, மீண்டும் ஔவை. 1966இல் தமிழிசைச் சங்கம் இசைப்பேரறிஞர் பட்டம் அளித்தது. 1969இல் ‘துணைவன்’ படப் பாட்டுக்காக நாட்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது, வயது 61. மறு ஆண்டு பத்மசிறீ. 1980இல் மறைந்தார்.

திருப்பூரின் தையல் கூடங்களில் இரவு வேலை நடக்கும் நேரங்களில் வானொலி பாடிக்கொண்டிருக்கும். இடையே எப்போதாவது அந்த உச்சக் குரல் எழும். எந்திரங்களின் இரைச்சலை மீறி, கடைசி வரிசையில் காசா பிரிப்பவளின் காதுக்கும் அது எட்டிவிடுகிறது.