கிளாரினெட் வாசிப்பதையே வேலையாக்க முடியுமா?

பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட் வாசிக்கிறீர்களா? "இதையே வேலையாகச் செய்தால் என்ன?" என்று தோணியிருக்கா? செய்யலாம். ஆனால் முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

எத்தனை இடங்கள்?

பள்ளிகளின் காற்றிசைக் குழுக்களில் கிளாரினெட் பிரிவுதான் பெரும்பாலும் ஆகப் பெரியது. சிம்ஃபனி இசைக்குழுவில் நிலைமை தலைகீழ். அங்கே வயலின் கலைஞர்கள் மட்டும் 30 பேர் வரை இருக்கலாம். கிளாரினெட்டுக்கு? பொதுவாக 3 அல்லது 4 பேர்தான்.

வயலினில் ஒரே பகுதியைப் பலர் சேர்ந்து வாசிப்பாங்க. கிளாரினெட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பகுதி. பிசகினால் அரங்கத்துக்கே கேட்கும்.

நம் வட்டாரத்தில் முழுநேர வேலை தரும் சிம்ஃபனி இசைக்குழுக்கள் குறைவு. சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழு 1979ஆம் ஆண்டு தொடங்கியது. கோலாலம்பூரில் மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 1998ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. ஏற்கெனவே இருப்பவர் ஓய்வுபெற்றாலோ விலகினாலோதான் இடம் காலியாகும். அந்த ஓர் இடத்துக்கு வெளிநாட்டினரும் போட்டி போடுவார்கள்.

தேர்வு எப்படி நடக்கும்?

பல இசைக்குழுக்களில் முதல் சுற்று திரைக்குப் பின்னால்தான். வாசிப்பவர் யார், எந்த நாட்டவர், ஆணா பெண்ணா எதுவும் நடுவர்களுக்குத் தெரியாது. காதில் விழுவது மட்டுமே கணக்கு.

மொட்ஸார்ட் 1791இல் எழுதிய கிளாரினெட் கான்செர்ட்டோ கிட்டத்தட்ட எல்லாத் தேர்விலும் இருக்கும். பிறகு, பிரபல படைப்புகளிலிருந்து சிறு பகுதிகள். மெண்டல்சனின் 'ஸ்கெர்ட்சோ' நாக்கின் வேகத்தைச் சோதிக்கும். ராக்மானினோவின் 2ஆம் சிம்ஃபனியில் வரும் நீண்ட தனி வாசிப்பு மூச்சைச் சோதிக்கும். மாதக்கணக்கில் தயாரானதைச் சில நிமிடங்களில் காட்டணும்.

தேர்வானாலும் உடனே நிரந்தரம் இல்லை. இசைக்குழுவோடு சில காலம் வாசித்துப் பார்ப்பாங்க. சில நேரங்களில், யாரையுமே எடுக்காமல் தேர்வு முடிவதும் உண்டு.

செலவு எவ்வளவு?

ஒரு கிளாரினெட் போதாது. பி-ஃபிளாட், ஏ என இரண்டு வேண்டும். மொட்ஸார்ட்டின் கான்செர்ட்டோவுக்கு ஏ கிளாரினெட்தான் தேவை. தொழில்முறைக் கருவி ஒவ்வொன்றும் பல ஆயிரம் வெள்ளி.

நாதசுவரத்தில் சீவாளி செய்யும் வேலையைக் கிளாரினெட்டில் செய்வது 'ரீட்'. அது சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒரு பெட்டி வாங்கினால் மேடைக்கு ஏற்றவை சிலதான் தேறும். இது தொடர்ந்து வரும் செலவு.

எங்கே படிக்கலாம்?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைக் கல்லூரியில் 4 ஆண்டு இசைப் பட்டப்படிப்பு உண்டு. நன்யாங் நுண்கலைக் கழகத்திலும் இசை படிக்கலாம். இரண்டிலும் சேர வாசித்துக் காட்ட வேண்டும். பாடத் தேர்வு மதிப்பெண் மட்டும் போதாது. அதற்கு முன்பே பெரிய இசைக்குழு அனுபவம் வேண்டுமா? சிங்கப்பூர் தேசிய இளையர் இசைக்குழுவுக்கு முயன்று பார்க்கலாம்.

இடம் கிடைக்காவிட்டால்?

அதோடு எல்லாம் முடிந்துவிடாது. சிங்கப்பூர் ஆயுதப் படைக்கும் காவல்துறைக்கும் சொந்த இசைக்குழுக்கள் உள்ளன. பள்ளி இசைக்குழுக்களுக்குப் பயிற்றுநர்கள் தேவை. தனியார் வகுப்பு எடுப்பவர்களும், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வாசிப்பவர்களும் இருக்காங்க. பலர் இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்துச் செய்துதான் வருமானம் பார்க்கிறார்கள். மாதாமாதம் ஒரே தொகை வராது. அதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

"கிளாரினெட்டா, அது பேண்டு வாத்தியமாச்சே" என்று தாத்தா பாட்டி சொல்கிறார்களா? ஏ.கே.சி. நடராஜனின் வாசிப்பைப் போட்டுக் காட்டுங்கள். அதே கருவியில் கர்நாடக இசை வாசித்து 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் அவர். அது வேறு பாதைதான். ஆனால் வீட்டில் பேச்சைத் தொடங்க உதவும்.

முடிவெடுக்கும் முன்...

உங்கள் பயிற்றுநர் அல்லாத ஒரு தொழில்முறைக் கலைஞரிடம் வாசித்துக் காட்டி, வெளிப்படையான கருத்தைக் கேளுங்கள். தினமும் சில மணி நேரப் பயிற்சியை ஓராண்டுக்குத் தொடர முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக ஒரு கேள்வி: இசைக்குழுவில் இடம் கிடைக்காமல், பாடம் சொல்லிக்கொடுத்துத்தான் வாழணும் என்றால் அப்போதும் இந்தத் துறை பிடிக்குமா? பிடிக்கும் என்றால், தாராளமாக விண்ணப்பியுங்கள்.