உதவி நின்ற மறுநாள்

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் நோக்கிச் செல்லும் மலைச்சாலையில், காட்டுக்கும் காவிரிக்கும் இடையே இருக்கிறது நாட்றாம்பாளையம். வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையும் விளையும் மண். மழை பெய்தால் களி உண்டு. பொய்த்தால் கவலை உண்டு. ஆகவேதான் அந்த வட்டாரத்து இளைஞர்கள் ஓசூர்த் தொழிற்சாலைகளை நாடிச் செல்கின்றனர். எல்லையைக் கடந்து பெங்களூருக்கும் செல்கின்றனர். மாதம் பிறந்தால் அவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றனர். அந்தப் பணம்தான் அங்கே இன்று பொய்க்காத மழை!

அந்த மழையும் ஒருநாள் பொய்த்துவிடுகிறது. "நாளை முதல் வரவேண்டாம்" என்று ஆலையில் சொல்லிவிடுகிறார்கள். முதல் மாதம் கையிருப்பு கரைகிறது. பிறகு, சட்டப்படி ஏதேனும் உதவித்தொகை கிடைக்கும் — கிடைக்கும் பேறு பெற்றவருக்கு! சில வாரங்களில் அதுவும் நின்றுவிடுகிறது. நின்ற மறுநாள் அந்தக் குடும்பம் எந்தக் கதவைத் தட்டுவது?

"அவரவர் தலையெழுத்து" என்று கூறுவாருண்டு. தலையெழுத்தன்று, அது சட்ட ஏட்டின் எழுத்து என்கிறோம் நாம். உதவி எந்த நாளில் தொடங்கவேண்டும், எந்த நாளில் நிற்கவேண்டும் என்று எழுதியது மனிதர் கை. அந்தக் கை எப்படி எழுதியது என்பதை அறிய, ஏட்டைச் சற்றுப் பின்னோக்கிப் புரட்டுவோம்.

1876. சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. அந்நாளில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தன. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம். 1881இல் மீண்டும் எண்ணினார்கள். ஏறத்தாழ 16 இலட்சம்! பெருகியிருக்கவேண்டிய மக்கள், மூன்றரை இலட்சத்துக்குமேல் குறைந்து போயினர். குறைந்தவர் அனைவரும் மாண்டவரல்லர். பிழைப்புத் தேடி இலங்கைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்து சென்றவரும் உண்டு. ஆனால் மாண்டவரே மிகப் பலர்.

தானியமே இல்லாமலா மாண்டனர்? இல்லை. சென்னைக் கடற்கரையில் மூட்டைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. இருப்புப் பாதையும் இருந்தது. வாங்கக் காசுதான் இல்லை. வயல் காய்ந்ததும் உழவுக்கூலி நின்றது; உழவன் வாங்காததால் நெசவாளியின் தறி நின்றது. கூலி நின்ற இடத்தில்தான் பஞ்சம் முதலில் நுழைந்தது. அதனால்தான் வேலையின்மையின் வரலாற்றைப் பஞ்சத்திலிருந்து தொடங்குகிறோம். பெயர் வேறு, நோய் ஒன்று.

துரைத்தனம் என்ன செய்தது? 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் விக்டோரியா அரசியை இந்தியப் பேரரசியெனப் பறைசாற்றும் கோலாகல தர்பார் நடத்தியது. அதே மாதத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரைப் பஞ்ச நிவாரணத்தைக் கண்காணிக்கத் தெற்கே அனுப்பியது. இந்த டெம்பிள் யார் தெரியுமா? 1874இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்து, மக்களை மடியவிடாமல் காத்தவர்! காத்ததற்குக் கிடைத்த பரிசு என்ன? "பணத்தை வாரி இறைத்துவிட்டார்" என்ற வசை. அந்த வசையைத் துடைக்க வேண்டுமென்று எண்ணினாரோ என்னவோ, சென்னை மாகாணத்தில் அவர் சிக்கனத்தின் திருவுருவாகக் காட்சியளித்தார். நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம். அதோடு உப்புக்கும் புளிக்குமாகச் சிறு காசு. அவ்வளவே கூலி! வேலைத்தலமும் வீட்டருகே இருக்கலாகாதாம்; பத்து மைலுக்கு அப்பால் இருக்கவேண்டுமாம். உண்மையிலேயே பசித்தவன்தானா என்று சோதித்தறிய இது வழியாம்! பத்து மைல் நடக்க வலுவுள்ளவனுக்கே உணவு. வலுவற்றவன் வழியில் விழுந்தான்.

மாகாணத்துச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைக் கண்டு கொதித்தெழுந்தார். ஒரு ராத்தல் தானியத்தில் உழைக்கும் உடல் நிலைத்து நிற்காது என்று எடுத்துரைத்தார். பம்பாய் மாகாணத்தில் பல்லாயிரவர் அந்தக் கூலியை ஏற்க மறுத்து நிவாரண முகாம்களை விட்டே வெளியேறினர். பட்டினி கிடப்போர் செய்த வேலைநிறுத்தம்! சென்னையில் அதே ஆண்டில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ குடிசைகளில் விளக்கு அணைந்துவிட்டது.

அழிவுக்குப் பின் அறிவு வந்தது. ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. உழைக்க வல்லாருக்கு வேலை, இயலாதாருக்கு இலவச உணவு, இரண்டையும் அளிப்பது அரசின் கடமை என்று முதன்முறையாக ஏட்டில் ஏறிற்று. ஆயினும், "பஞ்சம் முடிந்தது" என்று கூறும் உரிமை எவரிடம் இருந்தது? பசித்தவனிடமா? இல்லை, கணக்கெழுதுவோரிடம்! இந்த ஒரு குறையை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

வெள்ளையர் இந்தியரைத்தான் இப்படி நடத்தினர், தம் நாட்டு ஏழையைத் தாங்கினர் என்று எண்ணவேண்டாம். வேலையற்றோருக்கு ஈட்டுறுதி என்ற முறையை 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிட்டன் கொண்டுவந்தது. கப்பல் கட்டுதல், பொறியியல், கட்டடம் முதலிய சில தொழில்களில், வேலையிழந்தவனுக்கு வாரம் 7 ஷில்லிங். ஆண்டுக்கு 15 வாரம் மட்டும். பதினாறாம் வாரம்? சட்டம் வாய் திறக்கவில்லை. உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. இலட்சக்கணக்கானோர் மாதக்கணக்கில் வேலையின்றி நின்றனர். 1931இல் அரசு ஒரு சோதனையை விதித்தது. 26 வாரம் உதவி பெற்றவன், அதற்குமேல் பெறவேண்டுமானால், வீட்டின் வருவாய் முழுவதையும் கணக்குக் காட்டவேண்டும். அதிகாரி வீடேறி வந்து நாற்காலியை எண்ணினான். மகள் கொண்டுவரும் கூலியைக் கேட்டு, அதைத் தந்தையின் உதவித்தொகையில் கழித்தான். மகளின் கையை எதிர்பார்த்து நின்ற தந்தை, தன் வீட்டிலேயே விருந்தாளியானான்!

1935இல் புதிய விகிதங்களால் பலருடைய தொகை குறைந்தபோது, வேல்ஸ் நாட்டுச் சுரங்கப் பகுதிகளில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். அரசு பணிந்தது, குறைப்பு நிறுத்திவைக்கப்பட்டது. மறு ஆண்டு அக்டோபரில், கப்பல் கட்டும் தளம் மூடப்பட்ட ஜாரோ என்ற ஊரிலிருந்து 200 பேர் லண்டன் நோக்கி ஏறத்தாழ 300 மைல் நடந்தனர். பிச்சை கேட்டன்று, வேலை கேட்டு! ஊர் திரும்பியபோது அவர்களுக்குக் கிடைத்தது என்ன? நடந்த நாட்களுக்கான உதவித்தொகையில் வெட்டு. அந்நாட்களில் அவர்கள் "வேலைக்கு ஆயத்தமாக இல்லை"யாம்!

இங்கே பத்து மைல். அங்கே நாற்காலிக் கணக்கு. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. உதவி கேட்பவன் ஏமாற்றுக்காரனாக இருப்பான் என்ற ஐயம்!

நாடு விடுதலை பெற்றது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, வேலை பெறும் உரிமையையும், வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகியவற்றில் பொது உதவி பெறும் உரிமையையும் அரசு உறுதி செய்யவேண்டும் என்கிறது. கேட்க இனிக்கிறது. ஆனால், "பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள்" என்ற வேலியும் அதே பிரிவில் இருக்கிறது; இத்தகைய நெறிகளை நீதிமன்றம் வாயிலாக வற்புறுத்த முடியாது என்று 37ஆம் பிரிவு கூறுகிறது. வாக்குறுதி பொன்னெழுத்தில், வழக்குத் தொடுக்க வழியில்லை!

1948இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் பிறந்தது. 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி நாடெங்கும் பரவிற்று. மக்கள் வழக்கில் 'ஈ.எஸ்.ஐ.' என்று வழங்குவது இதுவே. நோய்க்கும் மகப்பேற்றுக்கும் விபத்துக்கும் அதில் உதவி உண்டு. வேலையிழப்புக்கு? அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்கவேண்டியதாயிற்று! ஆலைமூடல், ஆட்குறைப்பு ஆகியவற்றால் வேலையிழந்தவருக்கான உதவி 2005 ஏப்ரல் முதல் நாள்தான் வந்தது. முதலில் 6 மாதம். பின்னர் 12 மாதம். அதன்பின் 24 மாதம். முதலாண்டில் கூலியில் பாதி, இரண்டாம் ஆண்டில் கால்.

2018 ஜூலையில் இன்னொரு திட்டம் வந்தது. அதன் தொடக்க விதிகளைக் கவனியுங்கள். நாட்கூலியின் சராசரியில் கால் பங்கு. 90 நாள் வரை. வாழ்நாளில் ஒரே முறை! நாளுக்கு 500 ரூபாய் ஈட்டியவனுக்கு 125 ரூபாய். 90 நாளுக்கும் சேர்த்து 11,250 ரூபாய். அதுவும் வேலைபோன மறுநாளா? இல்லை. 90 நாள் வேலையின்றி இருந்த பிறகே! விண்ணப்பம் போகும் வழியோ, வேலையை விட்டு அனுப்பிய அதே முதலாளியின் வழி. அடித்தவனிடமே சென்று காயத்துக்குச் சான்று வாங்கிவரச் சொல்வதைப் போல!

பிறகு கொள்ளைநோய் வந்தது. 2020 மார்ச் 24 இரவு நாடு பூட்டப்பட்டது. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே, ஓசூர் மக்கள் நாள்தோறும் கடந்து சென்ற எல்லை மூடிக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஈட்டுறுதிக் கழகம் விதிகளைத் தளர்த்திற்று. கால் பங்கு பாதியாயிற்று. 90 நாள் காத்திருப்பு 30 நாளாயிற்று. முதலாளியை நாடாமல் கிளை அலுவலகத்தில் நேரே விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. நல்லதே, பாராட்டுவோம். ஆனால் ஒரு கேள்வி கேட்போம். ஓர் ஆணையால் மாற்றக்கூடிய விதிதானே இது? அப்படியானால் முன்பு ஏன் மாற்றவில்லை? தளர்த்தியதையும் நிலையாக்காமல், தவணை தவணையாக நீட்டித்ததன் பொருள் என்ன? உரிமை என்றால் தவணை ஏன்?

நாட்றாம்பாளையத்துக்குத் திரும்புவோம். அந்த வட்டாரத்திலிருந்து சென்று வேலையிழந்த இளைஞனுக்கு இவையெல்லாம் எட்டுகின்றனவா? 2018ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு இரண்டாண்டு ஈட்டுறுதித் தொடர்பு வேண்டும் என்று தொடக்கத்தில் விதித்தார்கள். ஒப்பந்தக்காரரிடம் ஆறுமாதம், மற்றொருவரிடம் நாலுமாதம் என உழைப்பவனுக்கு அது ஏது? மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கு, பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருக்கவேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 300, பட்டதாரிக்கு 600 என்று விதித்தார்கள். மூன்றாண்டோடு அதுவும் நிறைவுறும். ஊரக வேலையுறுதிச் சட்டம் 2005இல் 100 நாள் என்றது. கேட்ட 15 நாளில் வேலை தராவிட்டால், முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கும் அதன்பின் பாதியும் படியாகத் தரவேண்டும் என்றது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் என்கிறது. கூடவே, வேளாண் வேலை மிகுந்த காலத்தில் 60 நாள் வரை நிறுத்திவைக்கவும் இடம் தருகிறது. 90 நாள், 100 நாள், 125 நாள் என எங்கும் நாட்காட்டியே நீதிபதி!

நாட்காட்டி கைவிட்ட மறுநாள் எவை கைகொடுத்தன? ஒன்று, பொது விநியோகக் கடை. 2011 முதல் இங்கே அரிசி விலையின்றி வழங்கப்பட்டது. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' முறையில் தமிழ்நாடு இணைந்தபின், பெங்களூர் சென்றவரும் அங்கே உணவுப்பொருள் பெற வழி பிறந்தது. மற்றொன்று, மகளிரின் சேமிப்பு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989இல் முதன்முதலில் தொடங்கிய இடம், இந்த நாட்றாம்பாளையத்தையும் அந்நாளில் தன்னுள் கொண்டிருந்த தருமபுரி மாவட்டமே! பஞ்சம் தின்ற மண்ணில், பெண்கள் தம் சிறுவாட்டுப் பணத்தைச் சேர்த்து, ஒருவருக்கொருவர் ஆபத்துக்கு உதவும் நிதியை உருவாக்கினர். பெருமை கொள்ளத்தக்க வரலாறு. ஆயினும் அது கடன், திருப்பித் தரவேண்டும். குழுவிலுள்ள பல வீடுகளில் ஒரே மாதத்தில் வேலை போனால், எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டுக்குக் கொடுப்பாள்? அதன்பின் இருப்பது அடகுக்கடை; அதற்கும் அப்பால் கந்துவட்டி. அதைத் தடுக்க 2003இல் சட்டமே இயற்றவேண்டி வந்தது என்றால், எத்தனை வீடுகளில் அது நுழைந்திருக்கவேண்டும்!

எனவே நாம் கேட்பது இதுதான். வேலையிழந்தவன் பெறும் உதவி, அவனுக்கு மீண்டும் வேலை கிடைக்கும் நாளில் முடியட்டும். ஏட்டில் குறித்த நாளில் முடியவேண்டாம். முதல் தவணை முதல் வாரத்திலேயே, அவன் வாழும் வட்டத்தின் அலுவலகத்திலேயே கிடைக்கட்டும். வேலையை விட்டு நீக்கியவரின் கையெழுத்துக்காக ஒருவனும் காத்து நிற்கவேண்டாம். இவை நடவாத கனவுகள் அல்ல. முதலாளியின் கையெழுத்தின்றியே உதவி பெறலாம் என்பதை 2020 மெய்ப்பித்துவிட்டது. பணம் எங்கே என்று கேட்பார்கள். 1877இலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அதற்கு இந்த மாவட்டம் கொடுத்த விலையை 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டுகிறது.

தோழர்களே! ஊரில் எவரேனும் வேலையிழந்து வந்தால், "விதி" என்று கூறி நகர்ந்துவிடாதீர்கள். அவருக்குரிய படிவம் எது, எந்த அலுவலகம், எந்த நாளுக்குள் என்பதைக் கேட்டறிந்து, உடன் சென்று எழுதிக் கொடுங்கள். பத்து மைலைத் தனியே நடந்து விழுந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். நமக்கு அடுத்து வருகிறவர் எவரும் அந்த வழியைத் தனியே நடக்கவேண்டாம்.