பாடசாலைப் பதிவேட்டிலிருந்து மறையும் பெயர்கள்

பிள்ளைகள் 16 வயது வரை கட்டாயமாகக் கல்வி பெற வேண்டும் என 2016 ஆம் ஆண்டு இந்நாட்டில் விதிக்கப்பட்டது. அதற்கு முன்னர் அந்த எல்லை 14 ஆக இருந்தது. ஆனால், 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது எதனையும் வரையறுக்கவில்லை. 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் விவாகத்தைப் பதிவதற்குக் காதியின் அனுமதி வேண்டும் என்பதே அச்சட்டம் விதித்த ஒரே தடையாகும். பாடசாலையில் இருந்தாக வேண்டிய பிள்ளையை மனைவியாகவும் ஏற்கும் இந்த முரண்பாட்டைக் குறித்தே நாம் இங்கு பேச விழைகின்றோம்.

இதனை ஒரு சமூகத்தின் குறையாக மட்டும் காண்பது நேர்மையாகாது. பொதுச் சட்டத்தின் கீழும் 1995 வரை பெண்ணின் திருமண வயது 12 ஆகவே இருந்தது என்பதைப் பலர் மறந்து விடுகின்றனர். அவ்வாண்டின் திருத்தமே அதனை 18 ஆக உயர்த்தியது. ஆயினும் தமிழர் மத்தியில் இவ்வழக்கம் ஒழிந்துவிடவில்லை. 2009 இல் முடிவுற்ற யுத்தத்தின் இறுதிக் காலத்தில், வன்னியில் பலவந்த ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காகப் பெற்றோர் பதின்ம வயதுப் பெண்களை அவசர அவசரமாக மணமுடித்துக் கொடுத்தனர். அந்தப் பெற்றோரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. ஆனால், வயது போதாமையால் பதியப்படாத அந்தத் திருமணங்களில் கணவனை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும், தாம் மனைவியர் என்பதை நிரூபிக்க ஒரு பத்திரமும் இன்றி நின்றனர். க.பொ.த. சாதாரண தரச் சான்றிதழும் அவர்களது கையில் இருக்கவில்லை.

திருமணம் பாதுகாப்பைத் தரும் என்பதே பெற்றோர் கூறும் முதற் காரணம். சட்டமோ வேறு கதை சொல்கின்றது. 1995 இன் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், 16 வயதுக்குட்பட்ட சிறுமியுடனான பாலுறவை, அவள் சம்மதித்திருப்பினும், வன்புணர்வுக் குற்றமாக்கியது. ஆனால், 12 வயதைக் கடந்த மனைவி, நீதிமன்றத்தினால் கணவனிடமிருந்து பிரிக்கப்பட்டிருந்தாலன்றி, இந்தப் பாதுகாப்புக்குள் வரமாட்டாள். அயலவன் செய்தால் குற்றமாவது கணவன் செய்தால் குற்றமாகாது. தாலியோ நிக்காஹ்வோ சிறுமிக்கு அரணாகும் என எண்ணும் பெற்றோர் இதனை அறிந்திருக்க வேண்டும்.

உடல்நலம் குறித்து மருத்துவர்கள் நெடுங்காலமாகவே எச்சரித்து வந்துள்ளனர். முழு வளர்ச்சியடையாத உடலில் கர்ப்பம் தரிக்கும்போது இரத்தச்சோகை, உயர் இரத்த அழுத்தம், பிரசவத் தடை, நிறை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துகள் அதிகரிக்கின்றன. வகுப்புத் தோழியர் பரீட்சைக்குத் தயாராகும் வேளையில், தான் மட்டும் சமையலறையில் அடைபட்டிருக்கும் பிள்ளையின் மனச்சுமையை எந்தச் சிகிச்சை நிலையமும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

முஸ்லிம் விவாகச் சட்டத்தைச் சீர்திருத்துவதற்கென 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு, 2018 ஜனவரியிலேயே அறிக்கையைக் கையளித்தது. உறுப்பினரிடையே ஒருமித்த கருத்தும் ஏற்படவில்லை. குழு நியமிக்கப்பட்ட ஆண்டில் முதலாம் தரத்தில் சேர்ந்த சிறுமி, அறிக்கை வந்தபோது பத்தாம் தரத்தில் காலடி வைத்திருப்பாள், அதுவரை அவளைப் படிக்க விட்டிருந்தால். 2021 மார்ச்சில் வயதெல்லையை 18 ஆக்க அமைச்சரவை இணங்கியது. அதன் பின்னரும் இழுபறி தொடர்ந்தது. இது மார்க்கத்துடன் தொடர்புடைய விடயம் என்போர், மொரோக்கோ 2004 இல் திருமண வயதை 18 ஆகவும், உலகில் மிக அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளுள் ஒன்றான இந்தோனேசியா 2019 இல் 19 ஆகவும் உயர்த்தியதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

எனினும், வயதெல்லையை உயர்த்துவதால் மட்டும் காரியம் முடிந்துவிடாது என்பதற்கு வன்னியின் அனுபவமே சான்று. பதிவாளர் மறுத்தால், பதியாமலே குடும்பம் நடத்த அனுப்புகின்றனர். ஒரு மாணவி இரண்டு வாரம் வகுப்புக்கு வராதிருப்பதை முதலில் அறிபவர் வகுப்பாசிரியர். அவர் அந்தப் பெயரை இடைவிலகியோர் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்னர், கிராம அலுவலருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அறிவித்து, அன்றைய தினமே ஒருவர் அவளது வீட்டுக்குச் செல்வாராயின், அவளை மீண்டும் வகுப்புக்கு அழைத்துவர அவகாசம் இருக்கும்.